சிப்புக்கு வியர்க்காது

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஏப்ரல் மாத மதியம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் கேமிங் லேப்டாப்பை ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது சிப்பைக் கூடுதல் வேகத்தில் ஓட்டலாமா என்று கேட்டால், ‘இந்தப் புழுக்கத்திலா?’ என்பார்கள். புழுக்கத்தின் மேல் பழி போட வேண்டாம். சிப்புக்கு வியர்க்காது, காற்றின் ஈரம் அதற்குப் பொருட்டே இல்லை, வெப்பம்தான் கணக்கு. உள்ளே போகும் காற்று 22 டிகிரிக்குப் பதில் 32 ஆக இருந்தால், சிப்பும் ஏறக்குறைய அந்த 10 டிகிரி கூடுதலாகச் சுடும்.

ஈரம் வேறு வழியில் வேலையைக் காட்டுகிறது. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து வெப்பத் தகடுகளின் இடுக்கில் பிசுபிசுவென்று படிகின்றன. ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வதுதான். காற்றடித்துத் தூசியை ஊதும்போது விசிறியைப் பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புக்கு உண்மையான வேலி வாட்தான். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் லேப்டாப்பும் உண்டு, 115 வாட் லேப்டாப்பும் உண்டு. உச்ச வேகமும் அதற்கேற்ப 1,470 முதல் 2,370 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். (கடைக்காரர் பெயரை மட்டும்தான் சொல்வார்.) சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் ஏறும். வேகத்தை மாற்றாமல் 1 வோல்ட்டை 0.9 ஆக்கினால் செலவு சுமார் 19 சதவீதம் குறையும். மிச்சமாகும் வாட்டைச் சிப்பே கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்ளும். கொச்சி வெக்கையில் புதியவருக்கு நான் சொல்லும் ஓவர்கிளாக் இதுதான்: வோல்ட்டைக் குறைப்பது.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்ட்–வேக வளைகோடு திறக்கும். சில லேப்டாப்களில் தயாரிப்பாளரே இதைப் பூட்டி வைத்திருப்பார். 2015 பிப்ரவரியில் சிப் நிறுவனமான என்விடியாவே ஒரு டிரைவர் மூலம் லேப்டாப் ஓவர்கிளாக்கிங்குக்குப் பூட்டுப் போட்டு, பயனர்கள் கொதித்தெழுந்ததும் திறந்துவிட்டது.

வேகத்தையும் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்றால், சார்ஜரைச் செருகிவிட்டு, கோர் வேகத்தைப் படிக்கு 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பல சிப்கள் 87 டிகிரியை ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குக் கீழேயே நில்லுங்கள். திரையில் பொட்டுப் பொட்டாக நிறம் சிதறினால் ஒரு படி இறங்குங்கள். திரை கறுத்து மீண்டும் வந்தாலும் பதற வேண்டாம்: சிப் 2 நொடி பதில் தராததால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பியிருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போதே புது அமைப்பும் அமலாகும் தேர்வை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அப்போதுதான் என்ன சிக்கல் வந்தாலும், ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

மெமரி வேகம்தான் கள்ளன். ஜிடிடிஆர்6 மெமரியில் தவறாகப் போன தரவைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் வழி உண்டு. அதனால் கேம் நிற்காது, ஆனால் ஓர் எல்லைக்கு மேல் மெகாஹெர்ட்ஸ் ஏற ஏற ஃபிரேம் எண்ணிக்கை சத்தமில்லாமல் இறங்கும். எண் இறங்கத் தொடங்கியதும் இரண்டு படி பின்வாங்கி, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.