மகளின் முதல் சுயவிபரக் கோவை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகள் உங்களுக்கு உண்டா? அல்லது அந்த மகளே நீங்களா? அப்படியாயின் இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

எமது பெண் பிள்ளைகள் இன்று நன்றாகப் படிக்கிறார்கள். சாதாரண தரம், உயர் தரம், அதன் பின் கணனிப் பயிற்சி, ஆங்கில வகுப்பு என்று சான்றிதழ்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ஒரு தொழில் விளம்பரத்தில் "சுயவிபரக் கோவையுடன் விண்ணப்பிக்கவும்" என்ற வரியைக் கண்டதும் பேனை நின்றுவிடுகிறது. "நான் என்னத்த எழுதுற? எனக்கு அனுபவமே இல்லியே" என்கிறார்கள். சிலர் பக்கத்துக் கொமியுனிகேஷனுக்குப் போய், வேறொருவரின் கோவையில் பெயரை மட்டும் மாற்றி எடுத்து வருகிறார்கள். பழைய சொந்தக்காரியின் பாடசாலையும் பொழுதுபோக்கும் அதில் அப்படியே தங்கிவிடும்.

தொழில் தருபவர் உங்கள் மகளைக் கண்டதில்லை. அவளுடைய பொறுமையோ கெட்டித்தனமோ அவருக்குத் தெரியாது. மேசையில் குவிந்த கடிதங்களுக்கு மத்தியில் அவளுக்காகப் பேசுவது அந்த ஒரு தாள் மட்டுமே.

அன்றே எழுதிய ஒருவர்

ஆங்கிலத்தில் இதனைச் சுருக்கமாக 'சீ.வி.' என்கிறோம். 'கரிகுலம் வீட்டே' என்ற இலத்தீன் சொற்களின் சுருக்கம் அது. 'வாழ்க்கையின் ஓட்டம்' என்பது பொருள்.

உலகப் புகழ் பெற்ற ஓவியர் லியனார்டோ டா வின்சி, சுமார் 1482ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். இலகுவில் தூக்கிச் செல்லும் பாலங்கள், கோட்டை முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று தமக்குச் செய்யத் தெரிந்தவற்றை அதில் வரிசையாகக் குறிப்பிட்டார். ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. யுத்தங்கள் நிறைந்த அக்காலத்தில் அந்த ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றும் பாடம் அதுதான். கேட்பவருக்கு எது தேவையோ அது முதலில் வர வேண்டும். மருந்துக் கடைக்கு எழுதும் கோவையும் பாலர் பாடசாலைக்கு எழுதும் கோவையும் ஒன்றாக இருக்க முடியாது.

பெயரில் கவனம்

எமது பெண்களுக்குப் பெரும்பாலும் நேரும் சிக்கல் பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம். பாத்திமா என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஒருவர் 'எச்' சேர்த்து எழுதுவார், மற்றவர் சேர்க்காமல் எழுதுவார். வாப்பாவின் பெயரிலிருந்து வரும் முதலெழுத்துக்களின் வரிசையும் மாறிவிடும்.

ஆகவே எழுத உட்காரும் முன் மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே கோவையில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைப்பது நல்லது. நியமனம் கிடைத்த பிறகு அலைவதைவிட இது இலகு.

யாருடைய தொலைபேசி இலக்கம்?

பல வீடுகளில் மகளின் கோவையில் நானாவின் இலக்கத்தைக் கொடுக்கிறார்கள். அவர் கடையில் இருப்பார், அழைப்பை எடுக்கமாட்டார். எடுத்தாலும் வீட்டுக்கு வந்து சொல்ல மறந்துவிடுவார். நேர்முகப் பரீட்சைக்கு வந்த அழைப்பு இப்படி வீணாகிப் போவதுண்டு. மகளின் கையில் இருக்கும் இலக்கத்தைக் கொடுங்கள். அதில் தயக்கம் இருந்தால் உம்மாவின் இலக்கத்தைக் கொடுத்து, பேசுபவரின் பெயர், நிறுவனம், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளத் தொலைபேசியருகே ஒரு கொப்பியை வையுங்கள். மின்னஞ்சல் முகவரியும் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும். விளையாட்டுப் பெயர்கள் வேண்டாம்.

படிப்பை எழுதும் முறை

கடைசியாகப் பெற்ற தகைமை முதலில் வரட்டும். உயர்தரமாயின் பிரிவு, ஆண்டு, பாடங்கள், பெறுபேறு. அதன் கீழ் சாதாரண தரம். இரண்டாம் தடவை தோற்றிச் சித்தி பெற்ற பாடமிருந்தால் அந்த ஆண்டையும் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விழுந்த இடத்திலிருந்து எழும்பியவள் என்றுதான் அது காட்டும். ஆனால் 'எஸ்' சித்தியை 'சி' என்று மாற்ற நினைக்காதீர்கள். பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் சரிபார்க்க வழி இருக்கிறது. அதற்கு மேலாக, பொய்யில் தொடங்கும் உழைப்பில் மன அமைதி இராது.

மொழிகளைத் தனியாகக் குறிப்பிடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் பேச முடியுமா, வாசிக்க முடியுமா, எழுத முடியுமா என்று பிரித்துக் காட்டுங்கள். சிங்களம் சரளமாகப் பேசும் ஒரு பிள்ளை அதை எழுத மறந்துவிட்டால் நட்டம் அவளுக்குத்தான்.

அனுபவம் இல்லையா?

சம்பளம் வாங்கினால்தான் அனுபவம் என்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, வாப்பாவின் கடையில் கடன் கொப்பி பார்த்தது, ஓடருக்குத் தைத்தது, அஹதிய்யாவில் சின்ன வகுப்பை நடத்தியது, மாணவத் தலைவியாக இருந்தது எல்லாமே அனுபவம்தான். அதை எழுதும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது.

"டியூஷன் கொடுத்துள்ளேன்" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. "2022 முதல் 2024 வரை, தரம் 3 முதல் 5 வரையான 8 மாணவர்களுக்கு வாரத்தில் 4 நாட்கள் கணிதமும் தமிழும் கற்பித்தேன்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு பொறுப்பை விடாமல் சுமந்த பெண் கண் முன்னே நிற்கிறாள். எண்ணிக்கை, காலம், செய்த வேலை ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

உறவினரல்லாத இருவர்

எமது நாட்டு வழக்கப்படி கோவையின் இறுதியில், உங்களை அறிந்த, உறவினரல்லாத இருவரின் பெயர், பதவி, தொடர்பு இலக்கம் ஆகியன கேட்கப்படும். அதிபர், வகுப்பாசிரியை, பயிற்சி நிலையப் பொறுப்பாளர் போன்றோர் பொருத்தமானவர்கள். கட்டாயம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். "அப்படி ஒரு பிள்ளையா? ஞாபகமில்லையே" என்று அவர் தொலைபேசியில் சொல்லிவிட்டால் எல்லாம் பாழ். கடைசியாக, விபரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் திகதியும் கையொப்பமும் வர வேண்டும்.

எழுதாமல் விடுவதும் நல்லதே

முதல் கோவை இரண்டு பக்கங்களைத் தாண்டத் தேவையில்லை. உயரம், நிறை, பெற்றோரின் தொழில், குடியியல் நிலை என்பவற்றைக் கேட்டாலொழிய எழுத வேண்டாம். முகம் தெரியாத இடங்களுக்கு அடையாள அட்டையின் பிரதியை அனுப்பாதீர்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். பெண்களுக்கு அதில் 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த இலக்கமே உங்கள் வயதையும் நீங்கள் ஒரு பெண் என்பதையும் சொல்லிவிடுகிறது. வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவர்களிடமிருந்து விலகியே நில்லுங்கள்.

அரச தொழிலாயின் முறை வேறு. வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் மாதிரிப் படிவம் தரப்பட்டிருந்தால், சொந்த அமைப்பைக் கைவிட்டு அதன்படியே நிரப்புங்கள். தபாலில் அனுப்பச் சொன்னால், கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதுவது, பதிவுத் தபாலில் சேர்ப்பது போன்ற அறிவுறுத்தல்களில் ஒன்றைத் தவறவிட்டாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். முடிவுத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

அனுப்பும் முன் வீட்டில் ஒரு பேச்சு

இது மிக முக்கியமானது. வேலை எங்கே, எப்படிப் போய் வருவது, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், உடை விடயத்தில் அங்கு நிபந்தனை உண்டா என்பதையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்னரே வாப்பாவும் உம்மாவும் மகளும் கூடியிருந்து பேசுங்கள். சில வீடுகளில் நியமனக் கடிதம் வந்த பிறகுதான் வாதம் தொடங்குகிறது. பிள்ளை பாடுபட்டுப் பெற்ற கடிதம் அலுமாரிக்குள் மடிந்து கிடக்கிறது. அவள் அடுத்த முறை விண்ணப்பிக்கவே மனம் துணிய மாட்டாள். வேண்டாம் என்று சொல்வதாயினும் முன்பே சொல்லுங்கள். சரி என்று சொன்னால் கடைசி வரை துணை நில்லுங்கள்.

தாய்மாரே, மகள் எழுதி முடித்ததும் அதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் மறந்துபோன எத்தனையோ திறமைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சகோதரிகளே, முதல் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். கோவையை மீண்டும் எடுத்து, ஒரு வரியைத் திருத்தி, அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.