பன்னிரண்டாம் வகுப்பு போதாதா?

தலைவர்களின் வாழ்க்கை வரலாறு என்றால் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். பரீட்சைக்குப் படிக்கும் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், மகளோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்; அதன் ருசியே தனி!

எங்கள் மேகமலையில் சாயங்காலமே மேகம் இறங்கி வீட்டுக்குள் அடைத்துவிடும். பிளஸ் டூ படிக்கும் என் மகள், ஜெயலலிதாவின் வாழ்க்கைச் சுருக்கத்தை உரக்கப் படித்தாள். சின்னப் புத்தகம்தான்.

"நம்ம போடியில நின்னு ஜெயிச்சவுகதானே!" என்றார் மாமியார். ஆமாம். 1989-ல் போடிநாயக்கனூரில் வென்று, தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1991-ல் முதலமைச்சர். 2002-லும் 2006-லும் ஆண்டிபட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது.

என்னை நிறுத்தியது பதவிக்கு முந்தைய பக்கங்கள். 1948-ல் பிறந்தவர். இரண்டு வயதில் தந்தை இல்லை. தாயார் வேதவல்லி, 'சந்தியா' என்ற பெயரில் சினிமாவில் நடித்துக் குடும்பத்தைக் காத்தார். மகள் சென்னை சர்ச் பார்க் பள்ளியில் கெட்டிக்கார மாணவி. கல்லூரிக்குப் போக ஆசை. ஆனால், பதினாறு வயதில் சினிமாவுக்கு வர நேர்ந்தது.

"நல்லாப் படிச்ச பிள்ளையை ஏம்மா நிறுத்துனாங்க?" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்லூரி என்றால் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சின்னமனூருக்கும் அப்பாலும் போகவேண்டும். விடுதிச் செலவு வேறு. "பொம்பளப் பிள்ளைக்குப் பன்னெண்டு போதாதா?" என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

'படிப்பு நின்றும் முதலமைச்சர் ஆகவில்லையா?' என்று கேட்கலாம். கோடியில் ஒருத்திக்கு நடந்ததை நம் பிள்ளைக்குக் கணக்காக வைக்கலாமா? மற்றவர்களுக்குப் படிப்புதானே கைப்பிடி!

பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் சேலத்தில் அவர் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் எங்கள் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. மகளிர் காவல் நிலையங்கள் வந்ததும் 1992-ல்தான். அந்தப் பக்கம் வந்ததும் மாமியார் பெருமூச்சு விட்டார். "உசுரோட வளர்த்தா மட்டும் போதுமா? படிக்கவும் வைக்கணும்ல..." என்றார் மெதுவாக. நான் கேட்கத் தவித்த வார்த்தை அதுதான்!

சொத்துக் குவிப்பு வழக்குப் பக்கத்தை மகள் தாண்டப் பார்த்தாள். "அதையும் படி" என்றேன். 2014-ல் சிறைத் தண்டனை. 2015-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2016 டிசம்பர் 5-ல் மரணம். 2017-ல் உச்ச நீதிமன்றம், மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. காலமானதால் அவர் மீதான வழக்கு முடிந்துபோனது.

சகோதரிகளே! பெரியவர்கள் கதையைப் பிள்ளைகளுக்கு முழுசாகவே சொல்லுங்கள். புகழை மட்டும் சொன்னால் அது புராணம். குறையை மட்டும் சொன்னால் அது வம்பு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கப் பழகிய பெண், நாளைக்கு ஓட்டுச்சாவடியிலும் சரி, குடும்பத்திலும் சரி, சொந்தமாக யோசிப்பாள். வாரம் ஒரு புத்தகம், அரைமணி நேரம். அதற்கா நேரமில்லை?