சப்பாத்தின் அடி

சப்பாத்து என்னும் சொல்லை நமக்கு விட்டுச் சென்றவர் போர்த்துக்கேயர். அதைத் தெரிந்தெடுக்கும் வித்தையையோ நாமே பயிலவேண்டியிருக்கிறது. கடையில் நாம் முதலிற் பார்ப்பது பளபளப்பை. பார்க்கவேண்டியதோ மேற்றோலும் அடியும் கூடும் விளிம்பை.

பூட்ஸாயினும் தாழ்ந்த சப்பாத்தாயினும், வெறும் பசையால் ஒட்டிய அடி தேய்ந்தால் பெரும்பாலும் சப்பாத்தே போயிற்று. வேறொரு முறையுண்டு. மேற்றோலையும் உள்ளடியையும் சேர்த்து ஒரு தோற்பட்டியைச் சுற்றித் தைத்து, அப்பட்டியோடு வெளியடியைத் தனியே தைப்பர். நெடுங்காலம் கையாற் செய்த இவ்வேலையை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கரான இளைய சார்ள்ஸ் குட்இயரின் பெயரால் வழங்கும் இயந்திரம் விரைவாக்கிற்று. இங்கிலாந்தின் நோர்தாம்ரன் பட்டறைகள் இன்றும் இதனைக் கைவிடவில்லை. வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதிய அடி பொருத்தலாம். மேற்றோலில் ஊசி படாது. ஆனால் நேயர்களே, விளிம்பிலே நூலைக் கண்டதும் ஏமாந்துவிடாதீர்கள். அழகுக்குப் பொய்த்தையலிட்டு ஒட்டிய சப்பாத்துக்களும் உண்டு. கடைக்காரரைக் கேட்டே வாங்குங்கள்.

நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைப்பது பெருந்தவறு. தோல் விறைத்து வெடிக்கும். பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் உலரவிடுங்கள். ஒரே சோடியை நாள்தோறும் அணியாதிருப்பது நன்று. தூசியைத் துடைத்த பின்னரே மெருகு பூசவேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

அடியை மாற்றும் காலம் எது? நடுவிலே பெருவிரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்வாங்கினால் அதுவே காலம். ஓட்டை விழும்வரை பொறுத்தால் நீர் புகுந்து உள்ளடியைக் கெடுக்கும். தேய்வு பட்டியை எட்டிவிட்டாலோ, தைப்பவர் பட்டியையும் மாற்றவேண்டி வரும், கூலியும் ஏறும்.