மலையிறங்கும் பாரமும் வண்டியின் அளவும்

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமீது வெள்ளிமலையை நோக்கிச் செல்லும் சாலையில் சரக்கு வாகனங்களைக் கவனிப்பவர்க்கு ஒரு விசேஷம் புலப்படும். ரேஷன் அரிசியும் சிமெண்டும் மேலே போகின்றனவெனினும், விளைச்சல் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு, புளி, கடுக்காய் என்று பெரும்பாரம் எல்லாம் கீழ்நோக்கியே வருகிறது. ஆகவே இப்பிரதேசத்தில் தொழிலுக்கு வண்டி வாங்க உத்தேசிப்பவர், எஞ்சினின் குதிரைசக்தியைக் காட்டிலும், எவ்வளவு எடையை அபாயமின்றி இறக்கலாம் என்பதையே முதலில் விசாரிப்பது உசிதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். சரக்கோடு சேர்த்து 3 டன் எடையுள்ள வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் சக்தி, 30 டிகிரி உஷ்ணமுள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவையும் பிரேக்கே விழுங்க நேர்ந்தால், அது காய்ந்து, பிடிப்பை இழந்து, கொண்டை ஊசி வளைவில் கைவிட்டுவிடும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் வற்புறுத்துவது, அச்சுமையில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கட்டும் என்பதற்காகத்தான். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுபவரின் சிக்கனத்தை நான் சிலாகிக்க மாட்டேன்.

இனி அளவு. 2005இல் டாட்டா நிறுவனம் வெளியிட்ட ஏஸ், நம் ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டு அழைப்பது, சுமார் முக்கால் டன் சுமக்கும். இரண்டே சிலிண்டரும் 16 குதிரைசக்தியும் கொண்ட அந்த முதல் ஏஸ், முழுப் பாரத்துடன் பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதே பிரயாசை. ஆயினும் ஒன்றரை மீட்டர் அகலமே உள்ளதால், தார்ச்சாலை முடிந்தபின் கொல்லை வரை நுழைந்து செல்வது அதற்கே சாத்தியம். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை ஒன்றேகால் டன் ஏற்கும்.

எந்த வண்டியானாலும் ஆர்.சி. புத்தகத்திலுள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் பாரத்தின் எல்லை. ஓட்டுநரும் உடன் செல்பவரும் அதற்குள் அடக்கம், பின்னால் கட்டிய இரும்புச் சட்டமும் அதற்குள் அடக்கம். ஈரக் கிழங்கு மூட்டைகள் தொட்டி நிரம்புமுன்பே இந்த எல்லையைத் தொட்டுவிடும். மலையூர்களுக்குப் பிளாஸ்டிக் குடமும் பாயும் கொண்டுபோய் விற்பவருக்கோ எடை ஒரு பொருட்டன்று. நீளமான தொட்டியே வேண்டும்.

கிழங்கு வெட்டும் சில வாரங்களை நினைத்துப் பெரிய வண்டியைக் கடனில் வாங்குவது விவேகமன்று. அந்நாட்களில் வாடகை லாரியைத் தார்ச்சாலையில் நிறுத்திவைத்து, கொல்லையிலிருந்து அதுவரை தன் சிறு வண்டியில் சேர்த்துவிட்டால், அங்கிருந்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற நெடுவழியை லாரி பார்த்துக்கொள்ளும்.