பாதிப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளுக்குப் பின்புறம், சீமைக்கருவேலத்தை வெட்டிச் சமன் செய்த திடல் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைதோறும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டிப் பெயர் கொடுத்த அணிகளுள் ஒன்று, தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்து சேர்ந்த அன்று, பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதும், எதிரணித் தலைவன் நேரே ஸ்கோர் எழுதுகிறவரின் மேஜைக்குப் போய், "அண்ணே, இவன் லிஸ்ட்லயே இல்லண்ணே, வெளி ஆளு" என்று முறையிட்டான். அவர் தலை நிமிராமலே, "கெஸ்ட் பிளேயர் ரெண்டு பேர் வரைக்கும் விடுறோம்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கே தம்பி" என்றார். வழக்கு அதோடு முடிந்தது. ஆனால் என் பார்வை, வந்தவனை விட்டு, அவன் வந்ததால் இடம் இழந்தவன்மேல் போயிற்று. இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த அந்தப் பையன், தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தான்; ஆட்டம் முடியும்வரை ஒருவரோடும் பேசவில்லை.

போட்டிப் பருவத்தின் பாதியில் இளம் வீரர்களைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வது தகுமா, தகாதா என்ற விவாதத்தின் சாராம்சம் முழுவதும் அந்தத் திடலில் அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம். இந்த விவாதம் மிகுந்த ஆவேசத்தோடு நடைபெறும் தேசம் ஆஸ்திரேலியா. அணிக்கு 18 பேராக நீள்வட்டத் திடலில் ஆடும் அவர்களுடைய கால்பந்தில், 1993க்குப் பிறகு கைவிடப்பட்டிருந்த இடைப்பருவத் தேர்வு முறை 2019இல் மீண்டும் உயிர் பெற்றது. நெடுநாள் காயத்தாலோ ஓய்வாலோ பட்டியலில் காலியிடம் ஏற்பட்ட கழகங்கள், மாநில லீகுகளில் ஆடிக்கொண்டிருப்பவர்களிலிருந்து வரிசைப்படி ஆள் எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு அந்த முதல் ஆண்டிலேயே தெற்கு ஃப்ரீமாண்டில் கழகத்திலிருந்து ரிச்மண்ட் அணி எடுத்த மார்லியன் பிக்கெட், தமது முதல் ஆட்டத்தையே அவ்வாண்டின் இறுதிப் போட்டியில் ஆடி, கோப்பையோடு திரும்பினார். 1952க்குப் பிறகு அப்படி ஒரு அறிமுகம் நேர்ந்ததில்லை. ரிச்மண்டுக்கு இது திருவிழா. ஆனால் பருவத்தின் நடுவே தன் சிறந்த ஆட்டக்காரரைப் பறிகொடுக்கும் மாநிலக் கழகத்துக்கோ, கதிர் முற்றும் சமயத்தில் வரப்பை வெட்டிவிட்டது போன்ற நஷ்டம். அங்கே ஆட்சேபம் எழுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். இவ்விஷயத்தை ஆராய 2025ஆம் ஆண்டின் சென்னை சூப்பர் கிங்ஸைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மார்ச் 30 அன்று குவாஹாட்டியில் முழங்கையில் அடிபட்ட தலைவர் ருதுராஜ் கெய்க்வாட், ஏப்ரல் 10 அன்று பருவம் முழுவதற்கும் விலகினார். தலைமை மீண்டும் தோனியிடம் போயிற்று. ருதுராஜின் இடத்துக்கு, ஏலத்தில் எவரும் வாங்காத மும்பை வாலிபர் ஆயுஷ் மாத்ரே, 17 வயதில், 30 லட்சம் ரூபாய்க்கு அழைக்கப்பட்டார். ஏலத்தில் 2.20 கோடிக்கு வாங்கப்பட்டிருந்த தமிழ்நாட்டு இடக்கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்கும் காயத்தால் விலக, அவருக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்காவின் டிவால்ட் பிரேவிஸ், 21 வயது, வந்தார். மே மாதத் தொடக்கத்தில் வன்ஷ் பேடியின் இடத்தில் குஜராத்தின் உர்வில் படேல் சேர்ந்தார். ஒரே பருவத்தில் மூன்று வாலிபர்கள், மூவரும் பாதிப் பந்தியில் வந்து உட்கார்ந்தவர்கள்.

இதற்கு விதி என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் டீக்கடைத் தர்க்கங்களில் பாதி, விதி தெரியாமையால் விளைபவை. ஓர் அணி நினைத்த மாத்திரத்தில் ஆளை மாற்ற முடியாது. பட்டியலில் உள்ளவர் காயம் முதலிய காரணத்தால் பருவம் முழுவதும் ஆட இயலாதவராக இருக்க வேண்டும். விலகியவர் குணமானாலும் அவ்வாண்டில் திரும்பி வரலாகாது. மாற்று வீரர், ஏலத்துக்குப் பெயர் பதிவு செய்து விலை போகாதவர்களின் தொகுப்பிலிருந்தே வர வேண்டும். முன்பு ஏழாவது ஆட்டம்வரை மட்டுமே இருந்த அனுமதி, 2025இல் பன்னிரண்டாவது லீக் ஆட்டம்வரை நீட்டிக்கப்பட்டது. அவருடைய சம்பளம், அவர் யாருடைய இடத்துக்கு வந்தாரோ அவருடைய சம்பளத்தை மிஞ்சக் கூடாது. பருவத்தின் நடுவே சேர்ந்தவரானால், சேருவதற்கு முன் அணி ஆடி முடித்த ஆட்டங்களுக்கு உரிய தொகை கழிக்கப்படும். பிரேவிஸ் கையெழுத்திட்டபோது சென்னை அணி 14 லீக் ஆட்டங்களில் 7ஐ முடித்திருந்தது, ஆகவே 2.20 கோடி என்று பத்திரிகைகளில் வந்த தொகையில் பாதியளவே அப்பருவத்துக்கு அவருக்குச் சேர வேண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரவிச்சந்திரன் அஸ்வின் தமது யூடியூப் பேச்சில் பிரேவிஸின் சம்பளம்பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தால் கிளம்பிய சர்ச்சைக்கும், சென்னை அணி நிர்வாகம் இந்த விதியையே எண்ணோடு எடுத்துக்காட்டி, எல்லாம் முறைப்படி நடந்ததென்று விளக்கம் வெளியிட்டது. ஷிப்ட் கணக்கில் கூலி வாங்கிப் பழகிய கும்மிடிப்பூண்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மாதப் பாதியில் சேர்ந்தவனுக்கு மாதச் சம்பளம் எங்கும் கிடையாது.

மாத்ரேயின் கதையில் நம் பக்கத்துப் பையன்கள் மனம் லயிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் மும்பை நகரத்துப் பிள்ளையல்ல. மேற்கு மின்ரயில் பாதையின் கோடியிலுள்ள விரார்க்காரர். விடியற்காலையில் கூட்ட நெரிசலில் கிரிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகரத்து மைதானங்களுக்குப் போய்வந்தவர். சென்ட்ரலிலிருந்து புறப்படும் வடக்குப் பாதை மின்ரயில்கள் பெரும்பாலும் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும் கும்மிடிப்பூண்டி நிலையத்தில், காலை ரயிலுக்குக் காத்து நிற்கும் பையன்களின் தோளிலும் அதே நீளமான பைதான் தொங்குகிறது. அந்த விரார்ப் பிள்ளை, ஏப்ரல் 20 அன்று, தாம் பார்த்து வளர்ந்த வான்கடே மைதானத்திலேயே மும்பைக்கு எதிராக முதன்முதலாகக் களமிறங்கி 15 பந்துகளில் 32 ஓட்டங்கள் எடுத்தார். மே 3 அன்று பெங்களூரில், 214 என்ற இமாலய இலக்கைத் துரத்திய இரவில், 48 பந்துகளில் 94 அடித்து, சதத்துக்கு ஆறு ஓட்டங்கள் இருக்கையில் ஆட்டமிழந்தார். சென்னை இரண்டே ஓட்டங்களில் தோற்றது. ஏழு ஆட்டங்களில் அவர் சேர்த்தது 240. பிரேவிஸ் ஆறு ஆட்டங்களில் 225. உர்வில் தமது முதல் ஆட்டத்தில் 11 பந்துகளில் 31. மந்தமாக ஊர்ந்துகொண்டிருந்த மட்டையாட்டத்துக்கு ஜீவன் வந்துவிட்டதென்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

ஆனால் ஆனந்தம் அடங்கியபின் கணக்குப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மாத்ரே வருவதற்கு முன் ஆடிய ஏழு ஆட்டங்களில் சென்னை வென்றவை இரண்டு. அவர் ஆடிய ஏழிலும் வென்றவை இரண்டே. பத்து அணிகளில் பத்தாம் ஸ்தானம், அந்த அணியின் சரித்திரத்தில் முதல்முறையாக. ஓடுகிற வண்டியில் அச்சாணியை மாற்றினால் சக்கரம் கழலாமல் தப்பலாம்; வண்டி அதனாலேயே முந்திவிடாது. இடைப்பருவச் சேர்க்கையைப் பருவத்தைக் காப்பாற்றும் மருந்தாக நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கு இரண்டை யோசித்துப் பார்க்க வேண்டும். அதன் பிரயோஜனம் அடுத்த ஆண்டில் தெரிவது. நவம்பரில் அணிகள் தங்கள் பட்டியலை வெளியிட்டபோது மாத்ரே, பிரேவிஸ், உர்வில் மூவரும் சென்னையில் தக்கவைக்கப்பட்டிருந்தார்கள். காயத்தால் விலகிய குர்ஜப்னீத்தும் இருந்தார். தோற்றுப்போன பருவத்தின் பின்பாதியைப் பரீட்சைக் கூடமாக மாற்றியதே நிர்வாகம் அடைந்த லாபம்.

அதே பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுள் ஒரு தமிழ்நாட்டுப் பெயரும் இருந்தது: ஆந்த்ரே சித்தார்த். ரஞ்சிப் போட்டிகளில் இளம் வயதிலேயே நிதானமான மட்டையாளராகப் பெயரெடுத்து, முறைப்படி ஏலத்தின் வழியாக அதே 30 லட்சத்துக்கு அணியில் சேர்ந்தவர். மாத்ரேயைவிட ஒரு வயது போல மூத்தவர். தொடக்கத்திலிருந்தே பட்டியலில் இருந்த அவருக்கு 14 ஆட்டங்களில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. அவர் நடுவரிசைக்காரர், காலியானதோ மேல்வரிசை ஆட்டக்காரரின் இடம் என்று நிர்வாகம் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஏலத்துக்கு முன்பே பயிற்சித் தேர்வுக்கு அழைத்து மாத்ரேயைப் பார்த்து வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. குருட்டு அதிர்ஷ்டத்தில் பிடித்து வந்த ஆள் அல்ல. ஆயினும் இலவு காத்த கிளிபோல் இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர் வாலிபனுக்கு, புள்ளிப்பட்டியலில் ஏற வழியே இல்லாமற்போன கடைசி ஆட்டங்களிலாவது ஒரு சந்தர்ப்பம் தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மரத்தடியில் தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்த பையனை நான் மறக்காததற்கும் அதுவே காரணம்.

பழைய உதாரணங்கள் இந்த முறைக்குச் சாதகமாகவே பேசும். 2011இல் ஏலத்தில் விலை போகாத கிறிஸ் கெயில், பெங்களூருக்கு நடுவில் வந்து முதல் ஆட்டத்திலேயே சதமடித்தார். 2022இல் அதே அணிக்கு 20 லட்சத்துக்கு மாற்றாளாக வந்த ரஜத் பட்டிதார், வெளியேற்றச் சுற்றில் 112 அடித்ததோடு, 2025இல் அந்த அணியின் முதல் கோப்பையைத் தலைவராக நின்று பெற்றார். அதே 2022இல், ஆடம் மில்னின் இடத்துக்கு 19 வயதில் சென்னைக்கு வந்த இலங்கையின் மதீஷ பத்திரன, மறு ஆண்டு 12 ஆட்டங்களில் 19 விக்கெட் வீழ்த்திக் கோப்பைக்கு உதவினார். வந்தும் ஜொலிக்காமல் போனவர்களின் ஜாபிதாவை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆகையால் இந்தப் பக்கத்தின் சாட்சியம் எப்போதும் சற்றே கனத்துத் தெரியும்.

ஆஸ்திரேலிய ஆட்சேபம் இங்கே முழுதும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ரஞ்சிப் பருவம் முடிந்திருக்கும். மாத்ரேயை எடுத்ததால் மும்பைக்கு ஓர் ஆட்டமும் குறையவில்லை. இங்கே ஆபத்து கழகத்துக்கு அல்ல, பிள்ளைக்குத்தான். 17 வயதில் அறுபதாயிரம் கண்களுக்கு முன் இறக்கிவிடப்பட்டவன் இரண்டு ஆட்டங்களில் தவறினால், ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடியலாம். தக்கவைப்பதும் விடுவதும் அணியின் இஷ்டம். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு சேருகிறவர் பருவம் முடியும்வரையிலோ, அடுத்த ஆண்டையும் சேர்த்தோ ஒப்பந்தம் கேட்க முடிந்தது. அந்த ஏற்பாடு இங்கும் வர வேண்டும். இருபது வயது நிரம்பாத எவரையும் நடுவில் சேர்ப்பதானால் அடுத்த பருவத்துக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், அணிகளும் அவசரத்துக்கு ஆள் பிடிக்காமல் ஆராய்ந்து பிடிக்கும். அந்த நிபந்தனையோடு இடைப்பருவச் சேர்க்கையை நான் ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால், திருவிழாக் கூட்டத்துக்குத் தற்காலிக ஆள் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

நம் மாவட்டத்துக்குக் கிரிக்கெட்டில் ஸ்திரமான பாக்கியம் வாய்த்ததில்லை. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பித்தபோது திருவள்ளூர் வீரன்ஸ் என்று ஓர் அணி நம் பெயரைத் தாங்கி ஆடியது. இரண்டு பருவம் கழித்து அது காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று, பிறகு நெல்லைக்கே போய்விட்டது. வீரர்களை நடுவில் மாற்றுவதுபற்றி இவ்வளவு பேசுகிறோம், அணியையே ஊர் மாற்றியதுபற்றி எவரும் கேட்கவில்லை.

ஞாயிறு ஆட்டத்தில் ஆறு ஆறாக அடித்துவிட்டு, நமக்கும் ஒரு நாள் நடுவில் அழைப்பு வரும் என்று கனாக் காணும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2025 பருவத்துக்கான ஏலத்துக்கு 1,574 பேர் பதிவு செய்தார்கள். 182 பேர் விலை போனார்கள். ஏப்ரலில் காயம்பட்டவருக்குப் பதிலாக ஆள் தேடும்போது அணிகள் திறந்து பார்ப்பது, விலை போகாத மீதிப் பேரின் அந்தப் பட்டியலைத்தான். அதில் பெயர் ஏறுவது மாநில சங்கத்தின் வழியாக. மாநில சங்கத்தின் கண்ணில் படுவது மாவட்ட அணியிலும் சென்னை லீகிலும் தோல்பந்தில் எடுத்த ஓட்டங்களாலும் விக்கெட்டுகளாலும். டென்னிஸ் பந்தில் எடுத்த ஓட்டங்கள் அந்தக் கணக்கில் சேருவதில்லை.