தையலில் நூல் முனையை நிறுத்தும் முறை

நல்ல துணியில் முதலில் கெடுவது பெரும்பாலும் துணியன்று, தையலே. அத்தையலும் நடுவில் பிரிவது அரிது. நூல் தொடங்கும் இடத்திலோ முடியும் இடத்திலோதான் கேடு ஆரம்பமாகிறது. ஆதலால் முனையை நிறுத்தாமல் விட்ட தையல், கரை கட்டாத வாய்க்காலை ஒக்கும்.

முத்துப்பேட்டை காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் உள்ளது. சம்பா அறுவடை முடிந்ததும் அவ்வட்டாரத்து நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்குச் செல்கிறது. அங்கே சாக்கு ஒன்றுக்கு 40 கிலோ நெல் இட்டு வாயைத் தைப்பர். சாக்கு தைக்கும் கையியந்திரங்கள் பல இடுவது சங்கிலித் தையல். அதில் ஒவ்வொரு கண்ணியும் முந்தின கண்ணியைப் பற்றி நிற்கிறது. கடைசிக் கண்ணியைப் பற்றுவதற்கோ ஒன்றுமில்லை. அரிசிப் பையின் உரிய நூலை இழுத்ததும் வாய் முழுவதும் மளமளவென்று திறந்து கொள்வது இதனாலேயே. பிரிப்போருக்கு இது சௌகரியம். லாரியில் ஏற்றி இறக்கும்போது நூல் எங்கேனும் மாட்டிக்கொண்டால் நெல்லுக்குடையவருக்கு நஷ்டம். எனவே தையல் முடிந்தபின் சாக்கைத் தாண்டியும் நாலு விரற்கடை சங்கிலி ஓடவிட்டு, அதன் பிறகே நூலை வெட்ட வேண்டும். சாக்கை ஒட்டி வெட்டலாகாது. அவ்வாலைச் சாக்கின் காதிலே முடிந்துவிட்டால் இன்னும் நலம். கோணி ஊசியால் கையில் தைப்போர் வெறும் முடிச்சை நம்புதல் கூடாது. சணல் நெசவு அகலமானதால் முடிச்சு இடைவெளி வழியே நழுவிவிடும். காதைச் சுற்றி இரு முறை இறுக்கிக் கட்டுவதே தகும்.

உடை தைக்கும் இயந்திரம் வேறு வகை. 1846-ஆம் ஆண்டில் எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் உரிமை பெற்ற பூட்டுத் தையலில், மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்வுகின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் ஓடிவிடாது. ஆயினும் இரு முனைகளிலும் அக்கவ்வுதல் தளர்ச்சியாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர் தைக்கின்றனர். ஓடியாடும் பிள்ளைகளின் சட்டையில் முதலில் விடுவது பையின் இரு மேல் மூலைகளும் அக்குளுமே. அவ்விடங்களில் மூன்று நான்கு தையல் முன்னே சென்று, அதே தடத்தில் பின்னே வந்து, மறுபடியும் முன்னே செல்ல வேண்டும். தையல் நீளத்தைத் திருத்தும் நெம்புகோலை மறுதிசையில் தள்ளினால் துணி பின்னோக்கி நகரும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் இவ்வசதி இல்லை. அவற்றில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியையே திருப்பித் தைக்கலாம். மெல்லிய துணியில் பின்தையல் தடித்துத் தோன்றும். அங்கே அடிநூலை மெதுவாக இழுத்தால் மேல் நூல் கண்ணியாக உட்புறம் வரும். அதை வெளியே எடுத்து, இரு நூல்களையும் சேர்த்து முடிந்துவிடலாம். தொடங்கும்போது இரு நூல்களையும் பாதத்தின் பின்னே விரலால் பிடித்துக்கொள்ளாதவர்க்கு முதல் தையலிலேயே நூல் சிக்குவது வழக்கம்.

கைத்தையலில் பலரும் முதலில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத் தொடங்குகின்றனர். நெருக்கமான நெசவுக்கு அது போதும். சல்லாத் துணியில் முடிச்சு வெளியே வந்துவிடும். கைக்குழந்தையின் சட்டையிலோ தோலை உறுத்தும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று சிறு பின்தையல் இட்டுத் தொடங்குவதே சிறந்தது. முடிக்கும்போது கடைசித் தையலை முழுதும் இறுக்காமல் சிறு கண்ணியாக விட்டு, அதனுள் ஊசியை இரு முறை நுழைத்து இறுக்குக. பின்பு ஊசியை மடிப்புக்குள் ஓர் அங்குலம் ஓட்டி நூலை வெட்டினால் முனை மறைந்து நிற்கும். ஆனால் நூல் தீரும் வரை தைத்துவிட்டால் இவற்றில் எதையும் செய்ய இயலாது. நாலு விரற்கடை எஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும்.

பருத்தி நூலின் மேற்பரப்பு சொரசொரப்பானது, தன்னைத்தானே பற்றிக்கொள்ளும். பாலியெஸ்டரும் நைலானும் வழுவழுப்பானவை. பருத்திக்கு இரண்டு பின்தையல் போதுமான இடத்தில் இவற்றிற்கு நான்கு தேவை. நைலான் வலைக்கு இரட்டை முடிச்சு இடுவதன் காரணமும் இதுவே. கயிற்று முனையை நெருப்பில் காட்டி உருக்குவது போல உடையின் நூலையும் உருக்குவோர் உண்டு. உருகிய முனை மணிபோல் கெட்டியாகி உடம்பைக் கீறும். உள்ளாடைக்கும் குழந்தையுடைக்கும் அது ஆகாது.