வாளின் ஊர் எது?

"ஐயா, பழைய வாளொன்றைக் கண்டால் அது எந்நாட்டது என்று எவ்வாறு அறிவது?" என அண்மையில் மாணவன் ஒருவன் வினவினான். நம் நாட்டு வாள்களைக் கொண்டே அதற்கு விடை கூறலாம்.

கண்டி இராச்சியத்துப் பிரதானிகள் தரித்த வளைந்த சிறு வாளுக்குக் கஸ்தானே என்று பெயர். அதன் பிடியின் முனையிலே சிங்கமுகமும், கைக்காப்பிலே மகரமுகங்களும் அமைந்திருக்கும். இவற்றைக் கண்டதும் இலங்கைக் கைவினை என்று கூறிவிடலாம். ஆயினும் அவசரம் ஆகாது. சில கஸ்தானேக்களின் அலகிலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் முத்திரை காணப்படுகிறது. பிடி இந்நாட்டது, அலகோ கடல் கடந்து வந்தது! ஆதலால் இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

உருவம் சொல்வது பிறந்த இடத்தை மட்டுமே. எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதை எழுத்துச் சான்றுகளே சொல்லும்.

1765ஆம் ஆண்டிலே ஆளுநர் வான் எக்கின் படை கண்டியுட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டது. அப்போது நாயக்கர் மரபினனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அரசு செய்தான். லெவ்கே திசாவை முன்னிருந்த மன்னனுக்குக் காணிக்கையாக அளித்த, மாணிக்கம் பதித்த சிறு பீரங்கியும் பறிபோயிற்று. பிற்காலத்தில் அது அம்ஸ்டர்டாம் நகரத்து றைக்ஸ் நூதனசாலையை அடைந்தது. பொன், வெள்ளிக் கஸ்தானேக்கள் இரண்டு, கத்தியொன்று, துப்பாக்கிகள் இரண்டு ஆகியனவும் அங்கேயே இருந்தன. பீரங்கியிற் பொறித்த சிங்கள எழுத்து, கொடுத்தவர் பெயரைக் காட்டிக்கொடுத்தது. இருநாட்டு ஆய்வாளரும் பழைய பதிவுகளை ஒப்புநோக்கினர். 2023 யூலையில் நெதர்லாந்து அரசு ஆறு பொருள்களையும் திருப்பியளிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன.

அக்கரைப்பற்றிலிருக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பீராயின், விடை உண்டு. அப்போரின் முடிவில், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால், இலங்கையின் கரையோரம் முழுவதும் கண்டி மன்னன் கையை விட்டுக் கொம்பனி வசமாயிற்று. நாம் வாழும் இக்கரையும் அதனுள் அடங்கியதே. வாளிழந்த அதே போரில் மன்னன் கடலையும் இழந்தான்.

நம் வீடுகளிலும் பழம்பொருள்கள் பல இருந்தன. 2004ஆம் ஆண்டுக் கடல்கோள் எத்தனையோ வீட்டுப் பெட்டகங்களை வாரிச் சென்றது. எஞ்சியவற்றின் கதையை அறிந்தோர் முதியோரே. ஆதலின் மாணவர்களே, பாக்குவெட்டியாயினும் வெற்றிலைத் தட்டமாயினும், "இது யார் கொண்டுவந்தது? எப்போது?" என்று மூத்தம்மாவிடமும் அம்மம்மாவிடமும் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். பெயர் பொறித்த பீரங்கி வீடு திரும்பிற்று. கதை எழுதாத பொருளுக்குத் திரும்ப வீடேது?